ஒபாமாவுக்குக் கொடுத்த அமைதி நோபலை ஸ்னோடனுக்கு ஏன் கொடுக்கவில்லை?

கரிசல்காட்டான்:
ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி, யாரையும் வம்புக்கு இழுக்கக் கேட்கவில்லை. ஒபாமா பதவியேற்றது 2009 ஜனவரி 20. அந்த ஆண்டின் அமைதிப் பரிசுக்குப் பெயர் அனுப்பக் கடைசி நாள் பிப்ரவரி 1. நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே பெயர் போயிருக்கிறது, அக்டோபரில் பரிசும் அறிவித்துவிட்டார்கள். டிசம்பர் 1ஆம் தேதி ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் 30,000 படைவீரர்களை அனுப்பப்போவதாகச் சொல்கிறார், 10ஆம் தேதி நார்வே தலைநகர் ஆஸ்லோவில் பரிசளிப்பு மேடையில் பதக்கம் வாங்குகிறார்! அதே ஒபாமா ஆட்சியில்தான் ரகசியத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்தவர்கள்மீது உளவுச் சட்டம் பாய்ந்தது; முன்னால் இருந்த எல்லா ஜனாதிபதிகள் காலத்தையும் கூட்டினாலும் அத்தனை வழக்கு வராது.

ஸ்னோடன் 2013இல் என்ன செய்தார்? ஒப்பந்த ஊழியராகத் தான் வேலை பார்த்த அமெரிக்க உளவு நிறுவனம் சொந்த மக்களின் போன் விவரங்களையே மொத்தமாக வாரிச் சேர்த்ததை வெளியே கொண்டுவந்தார். பாஸ்போர்ட் ரத்தாகி மாஸ்கோ விமான நிலையத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் முடங்கிக் கிடந்தார். 2014இல் நார்வே எம்.பி.க்கள் இருவர் அவர் பெயரைப் பரிந்துரைத்தார்கள், பரிசு மலாலாவுக்கும் கைலாஷ் சத்யார்த்திக்கும் போனது. அவர்கள் வாங்கியதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் பதவியில் இருப்பவருக்குக் கொடுக்கும்போது வராத தயக்கம் இவர் விஷயத்தில் மட்டும் ஏன் வருகிறது?

நடுப்பக்கம்:
பரிந்துரையை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள் நண்பரே. எந்த நாட்டு எம்.பி.யும் அனுப்பலாம், வரலாறு, சட்டம் மாதிரித் துறைகளின் பேராசிரியர்களும் அனுப்பலாம். 2025இல் மட்டும் 338 பெயர்கள். 1939இல் ஒரு ஸ்வீடன் எம்.பி. கிண்டலுக்கு ஹிட்லர் பெயரையே அனுப்பி, கிண்டல் யாருக்கும் புரியாமல் போகவே திரும்ப வாங்கிக்கொண்டார். ஒபாமா பற்றி நீங்கள் சொல்வது சரி, தன் சாதனைகள் சொற்பம் என்று அவரே அந்த மேடையில் சொன்னவர்தான்.

தேன்மொழி:
அண்ணா, ரகசியத்தை வெளியிட்டதற்காகச் சிறை போனவருக்கு ஒருமுறை கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மன் பத்திரிகையாளர், கார்ல் வான் ஒசியட்ஸ்கி என்று தேடிப் பாருங்கள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனி விமானப்படை வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் ராணுவம் திருட்டுத்தனமாக ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தது. இவர் ஆசிரியராக இருந்த வாரப் பத்திரிகை 1929இல் அதைப் போட்டு உடைத்தது. 1931இல் 18 மாதச் சிறைத்தண்டனை. அப்போது ஹிட்லர் ஆட்சிக்கே வரவில்லை, தண்டித்தது ஜனநாயக ஜெர்மனியின் நீதிமன்றம். எழுதியது பொய் என்பது வழக்கே இல்லை, வெளியே சொன்னதுதான் குற்றம். அப்புறம் 1933 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாளே நாஜிகள் பிடித்துப்போய், பின்னர் வதைமுகாமில் அடைத்தார்கள். வெளிநாட்டிலிருந்த நண்பர்கள் அவருக்குப் பரிசு கேட்டு இயக்கமே நடத்தினார்கள். நார்வேயில் அகதியாக இருந்த வில்லி பிராண்டும் அதில் ஒருவர் (பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் சான்சலராக 1971இல் இதே பரிசை வாங்கியவர்).

1936 நவம்பரில், கொடுக்காமல் வைத்திருந்த முந்தைய ஆண்டுப் பரிசை அவருக்கு அறிவித்தார்கள். அதற்கு முன்பே நார்வேயின் வெளியுறவு அமைச்சரும் ஒரு முன்னாள் பிரதமரும் நோபல் குழுவிலிருந்து நழுவிக்கொண்டார்கள், ஜெர்மனியோடு அரசாங்கத்துக்கு உரசல் வேண்டாமே என்று! பரிசை மறுக்கச் சொல்லி நாஜி அமைச்சர் கோரிங் நெருக்கினான். காசநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதர் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ஆஸ்லோ போக விடவில்லை. பரிசுப் பணத்தில் பெரும்பகுதியை வக்கீல் ஒருவன் சுருட்டினான். 1938 மே மாதம் கண்காணிப்பிலேயே இறந்துபோனார். ஜெர்மானியர் இனி யாரும் நோபல் வாங்கக் கூடாது என்று ஹிட்லர் உத்தரவே போட்டுவிட்டான். ஒரு பத்திரிகைக்காரருக்குக் கொடுத்த பரிசு ஓர் அரசை இவ்வளவு எரிச்சலாக்கியிருக்கிறது என்றால் அது சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது.

பழைய தபால்காரர்:
அம்மா நன்றாகச் சொன்னார், ஆனால் ஒசியட்ஸ்கி வெளியிட்டது படை பெருக்கும் வேலையை. நோபல் தன் 1895 உயிலில் எழுதியதும் நாடுகளிடையே சகோதரத்துவம், படைக்குறைப்பு, அமைதி மாநாடுகள், இவைதான். ஸ்னோடன் காப்பாற்றியது தனிமனித ரகசியத்தை. பெரிய காரியம்தான், அமைதிக் கணக்கில் வருமா என்பதுதான் சந்தேகம். அரசியல் தலைவர்களை இப்படி ஒரேயடியாக ஒதுக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தானே அதைக் கீழே வைக்க முடியும்? 1978இல் எகிப்தின் சதாத்துக்கும் இஸ்ரேலின் பெகினுக்கும் கொடுத்தார்கள். பெகின் நாலு வருடத்தில் லெபனானுக்குள் படை அனுப்பினார், வாஸ்தவம். ஆனால் எகிப்தும் இஸ்ரேலும் 1979இல் போட்ட ஒப்பந்தம் இன்னும் நிற்கிறது, அதற்கு விலையாக சதாத் 1981இல் உயிரையே கொடுத்தார்.

கரிசல்காட்டான்:
சதாத் சரி, ஐயா. எத்தியோப்பியாவின் அபி அகமதுவை என்ன செய்வீர்கள்? எரித்திரியாவோடு சமாதானம் செய்தார் என்று 2019இல் பரிசு, 2020 நவம்பரில் தன் நாட்டின் டிக்ரே பகுதியிலேயே போர், அந்தப் போரில் அவர் பக்கம் நின்று சண்டை போட்டது அதே எரித்திரியப் படை. கொடுத்த பரிசைத் திரும்ப வாங்கவும் விதியில் இடமில்லை. தலைவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் அட்வான்ஸ், வேலை முடிகிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. கசியவிட்டவர் விஷயத்தில் அந்தச் சிக்கலே கிடையாது, அவர் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டுத்தான் நிற்கிறார்.

தேன்மொழி:
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் அமைப்பான நார்வே பென் ஒசியட்ஸ்கி பெயரிலேயே ஒரு விருது கொடுக்கிறது. 2016இல் அதை ஸ்னோடனுக்கு அறிவித்தார்கள். நேரில் வந்தால் அமெரிக்காவிடம் ஒப்படைக்க மாட்டோம் என்று உறுதி கொடுங்கள் எனக் கேட்டு அவர் நார்வே நீதிமன்றத்துக்குப் போனார். உச்ச நீதிமன்றம் வரை தள்ளுபடி. நோபல் குழுவின் ஐந்து பேரை நியமிப்பதும் அந்த நாட்டு நாடாளுமன்றம்தான், நார்வேயோ அமெரிக்காவின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் தொடக்கத்திலிருந்தே இருக்கும் நாடு. உயில், சகோதரத்துவம் எல்லாம் இருக்கட்டும், ஸ்னோடனுக்குக் கொடுத்தால் அவரை மேடையேற்ற முடியுமா என்ற பயம்தான் பெரிசாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பழைய தபால்காரர்:
அந்த வழக்கு எனக்குப் புதுச் செய்தி. சரி, ஸ்னோடனை விடுங்கள். டேனியல் எல்ஸ்பெர்க்? வியட்நாம் போர் பற்றி அரசு மக்களிடம் சொன்ன பொய்களை, பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) ஆவணங்கள் 7,000 பக்கத்தை, 1971இல் வெளியே கொண்டுவந்தவர். நான் சொன்ன உயில் கணக்கிலும் தாராளமாகப் பொருந்துகிறார். 2023 வரை உயிரோடு இருந்தார், கொடுக்கவே இல்லை. அந்தப் போரை நிறுத்தப் பேசியதற்கான பரிசை 1973இல் அமெரிக்காவின் கிஸ்ஸிங்கருக்கும் வட வியட்நாமின் லெ டுக் தோவுக்கும் அறிவித்தார்கள். தோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கிஸ்ஸிங்கர் வாங்கிக்கொண்டார், குழுவில் இரண்டு பேர் ராஜினாமா செய்தார்கள்.