கண்மாயில் ஆகாயத் தாமரை: இரண்டு முறை எடுத்தும் நாலு மாதத்தில் மூடிவிட்டது. என்ன செய்யலாம்?

வைகைப்பாசனம்:
மதுரைப் பக்கத்துக் கண்மாய். நீர்ப்பரப்பு சுமார் 60 ஏக்கர், அதில் 10 ஏக்கர் ஆகாயத் தாமரை. 300 வீட்டுக் கழிவுநீர் வரத்துக் கால்வாயில் கலந்து உள்ளே வருவதால் கோடையிலும் மேற்கு மூலையில் தண்ணீர் நிற்கும். பொக்லைன் வைத்து இரண்டு முறை அள்ளியாயிற்று. இரண்டு முறையும் நாலு மாதத்தில் பழையபடி. களைக்கொல்லி அடிக்கலாம் என்கிறார்கள் சிலர், புல்கெண்டை மீன் விடலாம் என்கிறார்கள் சிலர். எது சரி? கொக்கும் நாரையும் திரும்ப வரவேண்டும் என்பதும் ஊரின் ஆசை.

மடைக்கால்:
அந்த நாலு மாதத்துக்குக் கணக்கு இருக்கிறது நண்பரே. கழிவுநீர் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இந்தச் செடி இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். நூற்றில் ஒரு பங்கு மிச்சம் விட்டால் ஏழு முறை இரட்டித்தால் போதும், 14 வாரத்தில் முழுசும் மூடிவிடும். பொக்லைன் வாளி, பாய் மாதிரி பின்னிக் கிடக்கும் செடிக் கூட்டத்தைக் கிழிக்கும்போது குட்டிச் செடிகள் உதிர்ந்து மிதந்து போகும். அவற்றை யாரும் பொறுக்குவதில்லை. தப்பு அங்கேதான்.

முதலில் செடியைச் சிறைபிடியுங்கள். கயிற்றில் காலி கேன் கட்டி, கீழே ஒன்றரை அடிக்கு நைலான் வலை தொங்கவிட்டு, சவுக்குக் கழி நட்டு அந்தச் செடிப் பாயைச் சுற்றி வளையுங்கள். பாயைத் துண்டு துண்டாக அறுத்துவிட்டால் ஆடிக் காற்று அதை வடகிழக்குக் கரைக்குத் தள்ளிவிடும், பொக்லைன் நிற்க வேண்டிய இடம் அதுதான். கரையில் நின்றால் அதன் கை 8 மீட்டருக்கு மேல் எட்டாது. நடுவில் இருப்பதைப் பரிசலிலோ தெர்மாகோல் தெப்பத்திலோ போய் இழுத்து வரவேண்டும். 10 ஏக்கர் என்றால் 1,000 டன்னுக்கு மேல் ஈரச் செடி. கொட்டுகிற இடத்தை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் கரையிலேயே குவிப்பார்கள், முதல் மழையில் பாதி உள்ளே வந்துவிடும்.

அள்ளி முடித்த பிறகு 10 நாளைக்கு ஒருமுறை இரண்டு பேர் பரிசலில் சுற்றிக் கையால் பொறுக்க வேண்டும், குறைந்தது ஒரு வருடம். பொக்லைன் வாடகையை விட இந்தக் கூலிக்குத்தான் முதலில் பணம் ஒதுக்குங்கள். பூத்து முடிந்த தண்டு தண்ணீருக்குள் வளைந்து விதையை விடும். அந்த விதை சேற்றில் 15, 20 வருடம் உயிரோடு கிடக்கும். தண்ணீர் வற்றி ஈரச் சேறு தெரியும்போது முளைக்கிற நாற்றுக்கு நாம் பார்த்துப் பழகிய உப்பிய காம்பு இருக்காது. புல் மாதிரி மெல்லிய இலையோடு சேற்றில் வேர் பிடித்திருக்கும். புல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

களைக்கொல்லி வேண்டாம். செத்த செடி அடியில் போய் அழுகி ஆக்சிஜனைத் தின்னும், விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும். செடி உறிஞ்சிய சத்து அத்தனையும் தண்ணீருக்கே திரும்பும். பக்கத்தில் பருத்தி இருந்தால் 2,4-டி என்ற களைக்கொல்லியின் சாரல் பட்டாலே இலை சுருண்டுவிடும். புல்கெண்டையும் உதவாது. அது ஆகாயத் தாமரையை விட்டுவிட்டு அடியில் இருக்கும் நல்ல வேலம்பாசியைத் தின்னும்.

நாணற்படுகை:
மேலே சொன்னது சரி. ஆனால் கழிவுநீர் வருகிறவரை அது வேலையில் பாதிதான். 300 வீடு, 1,200 பேர், தலைக்கு 80 லிட்டர் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். இது கண்மாய்க்குள் விழும் முன் இரண்டு கட்டம் தேவை. முதலில் ஒரு நாள் தங்கும் வண்டல் தொட்டி, 10 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். அடுத்து நாணலும் சம்பும் நட்ட சரளைப் படுகை. நம் வெயிலுக்கு ஆளுக்கு 1.5 சதுர மீட்டர் வைத்தால் 45 சென்ட் இடம், 60 செ.மீ. ஆழம், நூற்றுக்கு ஒன்று சரிவு.

படுகை கெடுவது எப்போதும் வாய்ப்பக்கத்தில்தான். சகதி முதல் சில மீட்டரில் அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே ஓடும். அதனால் நுழைவில் 40 முதல் 80 மி.மீ. ஜல்லி, அதற்குப் பிறகு 10 முதல் 20 மி.மீ. ஜல்லி போடுங்கள். தொட்டியின் வண்டலை வாராவிட்டால் படுகை தாங்காது. இன்னொன்று: படுகை நாற்றத்தையும் அழுக்கையும் நன்றாகக் குறைக்கும், செடியை வளர்க்கும் பாஸ்பரஸைக் கொஞ்சம்தான் பிடிக்கும். நாணலை வருடம் இரண்டு முறை அறுத்து வெளியே கொண்டுபோனால்தான் அதுவும் நடக்கும்.

வைகைப்பாசனம்:
இரண்டு பேருக்கும் நன்றி. வண்டு விட்டால் தானாக அழியும் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? அள்ளிய செடியை உரமாக்கலாமா?

நத்தைக்குத்தி:
இந்தச் செடியைத் தின்னும் நியோசெட்டினா வண்டு உண்மையான ஆள்தான், 1983இல் பெங்களூரில் விட்டார்கள். இலையில் 2, 3 மி.மீ. அளவில் வெளிறிய சுரண்டல் தழும்பு தெரிந்தால் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். ஆனால் அதன் கூட்டுப்புழு தண்ணீருக்குள் வேரில் ஒட்டித்தான் வளரும். செடி தரைதட்டினால் அதுவும் போச்சு. வற்றும் கண்மாய்க்கு ஒத்துவராது, கழிவுநீர்ச் சத்தில் வளரும் செடியின் வேகத்துக்கும் ஈடுகொடுக்காது.

உரமாக்கலாம். ஐந்து நாள் வாடவிட்டு நறுக்கி, அரையடி செடிக்கு இரண்டு அங்குலம் சாணம் என்று அடுக்கி, 15 நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். வாடவிடாமல் குவித்தால் நீர்கோத்து நாறும். சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறைத் தண்ணீர் கால்வாயில் கலந்தால் மட்டும் உரமாக்காதீர்கள். இதன் வேர் குரோமியம், ஈயம் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும்.

பறவை வேண்டுமானால் தூர்வாருகிறேன் என்று கண்மாயைத் தொட்டி மாதிரி தோண்ட விடாதீர்கள். கொக்குக்கும் நாரைக்கும் முழங்கால் ஆழத்துக்குள்தான் இரை. கரையில்லாத உள்வாய்ப் பக்கம் 1 மீட்டர் ஆழத்துக்கு 15 மீட்டராவது சரிவு விடுங்கள். கரையடியை ஒட்டித் தோண்டினால் கரையே சரியும். ஐப்பசி மழையில் நிரம்பித் தண்ணீர் தெளிந்தபின், ஓரத்தில் கோரையும், இரண்டடி ஆழம்வரை ஆம்பல் கிழங்கும் மூன்றடி இடைவெளியில் நடலாம். கிழங்கைக் களிமண்ணோடு சாக்குத் துணியில் சுற்றி ஒரு கல்லும் வைத்துக் கட்டிப் போடுங்கள், இல்லையென்றால் மிதந்துவிடும். சம்பைப் படுகையோடு நிறுத்துங்கள், உள்ளே விட்டால் அதுவும் பரவும். கூடு கட்ட, நீரில் நின்று தாங்கும் நாட்டுக் கருவேலம் நல்லது. சீமைக் கருவேலத்தில் இப்போது கூடு இருந்தால் ஒரேயடியாக வெட்டாதீர்கள், நாட்டு மரம் வளர வளர எடுங்கள்.

வேலைக்கு முன் அனுமதி: ஆயக்கட்டு (கண்மாயால் பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். மேல் கண்மாயின் கலிங்கையும் (நிரம்பிய தண்ணீர் வழியும் இடம்) போய்ப் பாருங்கள். அங்கே செடி இருந்தால் அடுத்த முறை மறுகால் வழியும்போது உங்களிடம்தான் வரும். வரத்துக் கால்வாய் வாயில் மழைக்கு முன்னே வலை கட்டி, வெள்ளம் ஓடும் நாட்களில் தினமும் வாருங்கள். வாராவிட்டால் செடி சேர்ந்து கால்வாயே உடைப்பெடுக்கும்.