பழைய ரெப்போக்களுக்கு என்ன லேபிள் போடுவது? உதவி தேவை

எழுத்துப்பெட்டி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. நாங்கள் நான்கு பேர் தமிழுக்கான சின்னச் சின்ன நிரல்களை கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் ஒரே கணக்கில் வைத்திருக்கிறோம். மொத்தம் 31 ரெப்போ (நிரல் கிடங்கு). பலவற்றை வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை. புதிதாக வருகிறவர்கள் எதை நம்பி எடுப்பது என்று தெரியாமல் திணறுகிறார்கள். அதனால் கடைசி கமிட் (பதிவான மாற்றம்) 2 வருடத்துக்கு முந்தையது என்றால் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் தலையில் "கைவிடப்பட்டது" என்று சேர்க்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன். 19 ரெப்போ அதில் விழுந்தன.

அடுத்த வாரமே ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். அச்சகத்தில் பக்கம் கட்டுகிறவர். எங்கள் பாமினி-யூனிகோட் மாற்றியில்தான் (பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் நிரல்) தினமும் பழைய கோப்புகளை மாற்றுகிறாராம். "இதை இனிமேல் பயன்படுத்தக் கூடாதா? வேறு எதற்கு மாறுவது?" என்று கேட்டிருந்தார். அந்த மாற்றியில் ஒரு கோளாறும் இல்லை. நான் போட்ட லேபிள்தான் அவரைக் கலங்கடித்துவிட்டது.

அதே 19-இல் பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-இல் எழுதிய சொல் எண்ணி ஒன்று இருக்கிறது. இன்றைய பைத்தானில் முதல் பிரிண்ட் வரியிலேயே சின்டாக்ஸ் எரர் காட்டி நின்றுவிடும். பயன்படுத்தும் நிலையில் ஒரு வெளியீடுகூட (பதிப்புகூட) வராத பிழைதிருத்தியும் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே லேபிள். இதை எப்படிப் பிரிப்பது?

கட்டளைவரி

முதலில் அந்த ஸ்கிரிப்ட்டை நிறுத்துங்கள். கடைசியாக எப்போது தொட்டார்கள் என்பதைத்தான் கமிட் தேதி சொல்லும். நிரல் ஓடுமா, பிழை சொன்னால் யாராவது பார்ப்பார்களா என்பதை அது சொல்லாது.

உங்கள் மாற்றியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாமினியில் "கொ" என்று அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் க முன்னால் வந்துவிடும். கொம்பும் காலும் ஒரே குறியீடாக அதன் பின்னால் நிற்கும். இந்த இடமாற்றத்தை எல்லா எழுத்துக்கும் சரியாகச் செய்துவிட்டால் வேலை முடிந்தது. பாமினி இனி மாறப்போவதில்லை. யூனிகோடும் ஓர் எழுத்துக்கு ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை. அப்புறம் கமிட் எங்கிருந்து வரும்?

டெக் என்ற அச்சுக்கோர்ப்பு நிரலை எழுதிய டொனால்ட் க்னூத் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அதைத் திறந்து பிழை பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் பதிப்பு எண் கணிதத்தில் வரும் பை (π) மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நீளும். 2021-இல் வந்தது 3.141592653. உங்கள் ஸ்கிரிப்ட் அதையும் கைவிடப்பட்டது என்றுதான் சொல்லும்.

முனையம்

ரெப்போஸ்டேட்டஸ் என்ற திட்டம் இதற்கென்றே எட்டு நிலைகளை வரையறுத்திருக்கிறது. முழுவதும் வேண்டாம், உங்களுக்கு இரண்டு கேள்வி போதும். பயன்படுத்தும் நிலையில் ஒரு வெளியீடாவது வந்ததா? எழுதியவர் இனி நேரம் ஒதுக்குவாரா?

வெளியீடு வந்தது, நேரம் கிடைத்தால் பிழை பார்ப்போம் என்றால் 'இன்ஆக்டிவ்'. வந்தது, ஆனால் எழுதியவர் முழுக்க விலகிவிட்டார் என்றால் 'அன்சப்போர்ட்டட்'. வெளியீடே வரவில்லை, ஆனால் திரும்ப வருவேன் என்கிறார் என்றால் 'சஸ்பெண்டட்'. வரமாட்டார் என்றால்தான் 'அபாண்டன்ட்', அதாவது கைவிடப்பட்டது. இந்தக் கணக்கில் நீங்கள் சொன்ன மூன்றில் "கைவிடப்பட்டது" பிழைதிருத்திக்கு மட்டும்தான் பொருந்தலாம். அதையும் எழுதியவரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

எழுத்துப்பெட்டி

நன்றி. மாற்றியின் லேபிளை நேற்றிரவே எடுத்துவிட்டேன். 'இன்ஆக்டிவ்' என்பதற்குத் தமிழில் "செயலற்றது" என்று போடலாமா?

கட்டளைவரி

வேண்டாம். "செயலற்றது" என்று படிக்கிறவர் நிரல் ஓடாது என்றுதான் எடுத்துக்கொள்வார். அச்சகத்து நண்பர் மறுபடியும் பயந்துபோவார். "உறக்கத்தில்" என்று சிலர் போடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஒற்றைச் சொல்லைத் தேடாமல் இரண்டு மூன்று வரி எழுதிவிடுங்கள்: நாங்கள் எதைப் பார்ப்போம், எதைப் பார்க்க மாட்டோம், நீங்கள் என்ன செய்யலாம். தேதி-நேரத்தைக் கையாளும் மொமென்ட் ஜேஎஸ் என்ற நிரல் நூலகத்தின் குழு 2020 செப்டம்பரில் அப்படித்தான் செய்தது. புது வசதி சேர்க்க மாட்டோம், புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேறொன்றை எடுங்கள் என்று சொல்லி, மாற்றுகளின் பெயரையும் கொடுத்தார்கள்.

நெகிழ்வட்டு

கிட்ஹப்பின் ஆர்க்கைவ் பொத்தானை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். அழுத்தினால் ரெப்போ படிக்க மட்டும் என்றாகிவிடும். ஃபோர்க் செய்யலாம் (தனக்கென ஒரு நகல் எடுக்கலாம்), ஸ்டார் கொடுக்கலாம். புது இஷ்யூ (பிழை அறிவிப்பு) திறக்க முடியாது. மாற்றிக்கு அது சரிவராது, தவறாக மாறும் எழுத்தைச் சொல்ல வழி வேண்டும். சொல் எண்ணிக்குச் சரி. ஆனால் ரீட்மீயில் குறிப்பை எழுதிவிட்டு அப்புறம் அழுத்துங்கள்; பின்னால் எழுத வேண்டுமென்றால் ஆர்க்கைவை நீக்கித்தான் ஆக வேண்டும்.

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கட்டளை வழியாக நிறுவுகிறவர் ரீட்மீயைத் திறந்தே பார்க்க மாட்டார். அந்தத் தொகுப்புகளின் கிடங்கான பைபிஐ-யில் 2025 ஜனவரியிலிருந்து திட்டத்தையே ஆர்க்கைவ் என்று குறிக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் கிடங்கான என்பிஎம்மில் இருப்பவற்றுக்கு டெப்ரிகேட் (இனி எடுக்க வேண்டாம் என்று எச்சரிக்கும்) கட்டளை இருக்கிறது. நிறுவும்போதே உங்கள் செய்தி திரையில் வந்துவிடும்.

முனையம்

இன்னொன்று. "பராமரிப்பாளர் தேவை" என்று போட்டால் முதலில் கேட்கிறவரிடமே சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் தொகுப்பு அப்படித்தான் கைமாறியது. பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தவர் அதனுள் இன்னொரு தொகுப்பைச் சேர்த்தார். அது கோபே என்ற பிட்காயின் பணப்பையிலிருந்து திருடும் நிரலைச் சுமந்திருந்தது. கொஞ்ச காலம் பேட்ச் (திருத்தங்கள்) அனுப்பட்டும், நீங்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமையை அப்புறம் கொடுக்கலாம்.

எழுத்துப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. 19-ஐயும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். 11 ஒழுங்காக ஓடுகின்றன! மாற்றியின் ரீட்மீயில் இப்போது இருப்பது இது:

"இது முடிந்த நிரல். பைத்தான் 3-இல் ஓடுகிறது. புது வசதி சேர்க்கப்போவதில்லை. ஏதாவது எழுத்து தவறாக மாறினால் இஷ்யூ போடுங்கள், ஒரு மாதத்துக்குள் பார்ப்போம்." கீழே கடைசியாகச் சோதித்த தேதி. அச்சகத்து நண்பருக்கும் மன்னிப்புக் கேட்டு அதை அனுப்பிவிட்டேன்.

சொல் எண்ணியில் "பைத்தான் 2-க்கு எழுதியது, இன்றைய பைத்தானில் ஓடாது, திருத்தப்போவதில்லை" என்று எழுதிவிட்டு ஆர்க்கைவ் செய்தாயிற்று.

பிழைதிருத்தி எழுதிய அண்ணன் நேற்று போன் செய்தார். பாதியில் விட்டது அவருக்கும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது. தன்னால் திரும்ப வர முடியாது, யாராவது எடுத்துச் செய்தால் சந்தி விதிகளைக் குறித்து வைத்த நோட்டைத் தருகிறேன் என்றார். அதற்கு "பாதியில் நிற்கிறது, எழுதியவர் தொடரவில்லை, பேட்ச் வரவேற்கிறோம்" என்று போட்டிருக்கிறேன். இங்கே யாருக்காவது ஆர்வம் இருந்தால் சொல்லுங்கள், நோட்டை ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.