அடைப்புக்குறி எதற்கு என்று மாணவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

கேள்வி: எட்டாம் வகுப்புத் தமிழாசிரியை

வணக்கம். போன வாரம் வகுப்பில் ‘மறக்க முடியாத ஒரு நாள்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். மொத்தம் 34 நோட்டுகள். திருத்த உட்கார்ந்தால் பக்கத்துக்குப் பக்கம் பிறை அடைப்பு. சிலர் திறந்துவிட்டு மூடவே இல்லை. அது கவனக்குறைவு, இரண்டு முறை சொன்னால் சரியாகிவிடும். என்னை யோசிக்க வைத்தவை வேறு.

ஒரு பையன் ‘மிகுந்த மகிழ்ச்சி (சந்தோஷம்) அடைந்தேன்’ என்று எழுதியிருக்கிறான். எந்தச் சொல்லைப் போடுவது என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டையும் வைத்துவிட்டான். இன்னொருவன் ‘எங்கள் அணித்தலைவன் (பத்தாம் வகுப்பு)க்குக் காலில் அடிபட்டது’ என்கிறான். அந்த ‘க்கு’ ஒட்டிக்கொள்ள ஒரு சொல் கிடைக்காமல் அடைப்புக்கு வெளியே தனியாக நிற்கிறது.

இவற்றையெல்லாம்விட ஒரு மாணவியின் வரிதான் மனதிலேயே நிற்கிறது. ஓட்டப் பந்தயத்துக்குத் தயாரானதை மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடிக்கிறாள்: ‘அன்று மாலை நான்கு மணிக்குப் போட்டி முடிந்தது (நான்தான் முதலில் வந்தேன்).’ மூன்று பக்கமும் எதை நோக்கி ஓடி வந்ததோ, அதைக் கொண்டுபோய் அடைப்புக்குள் வைத்திருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டேன். “அதுதான் மிஸ் முக்கியம், அதனால்தான் அடைப்புக்குள் போட்டேன். கணக்கில் அடைப்புக்குள் இருப்பதைத்தானே முதலில் செய்யச் சொல்கிறார்கள்?” என்றாள். சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள் என்பது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

‘அடைப்பை எடுத்துவிட்டுப் படி, வாக்கியம் நின்றால் சரி’ என்ற விதியைச் சொல்லிக்கொடுத்துத்தான் இருக்கிறேன். எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். பேனாவை எடுத்ததும் அது யாருக்கும் உதவுவதில்லை. நீங்கள் எப்படிக் கற்றுக்கொடுக்கிறீர்கள்?

பதில் 1: கணக்கு ஆசிரியர்

குழப்பம் என் பாடத்திலிருந்து வந்திருப்பதால் நான் முதலில் வருகிறேன். கணக்கிலும் அடைப்பு முக்கியத்தைக் காட்டுவதில்லை. எதை எதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும்தான் காட்டுகிறது. 3 × (4 + 5) என்றால் 27. அடைப்பை அழித்துவிட்டால் 3 × 4 + 5, விடை 17. எடுத்தால் மதிப்பு மாறிவிடும் என்பதால்தான் அங்கே அடைப்பு போடுகிறோம். எழுத்தில் அப்படியே தலைகீழ்: உள்ளே இருப்பதோடு சேர்த்து எடுத்தாலும் வாக்கியம் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டையும் பலகையில் பக்கம் பக்கமாக எழுதி, பிள்ளைகளையே அழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘முதலில் செய்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகும் என்னைப் போன்றவர்களும் இனி ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதில் 2: மெய்ப்புப் பார்ப்பவர்

டீச்சர், 22 வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். வார இறுதியில் சில பிள்ளைகளுக்கு எழுதவும் சொல்லித்தருகிறேன். உங்கள் விதியில் தவறில்லை, ஆனால் அது பாதிதான். அந்த மாணவியின் வரியில் அடைப்பை எடுத்துப் பாருங்கள்: ‘அன்று மாலை நான்கு மணிக்குப் போட்டி முடிந்தது.’ வாக்கியம் நன்றாகவே நிற்கிறது. விதிப்படி அவள் பாஸ். விழுந்தது கட்டுரை. அந்த விதி இலக்கணத்தை மட்டும் பார்க்கிறது, வாசிப்பவர் எதை இழக்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை.

அதனால் நான் காதை நம்புகிறேன். இரண்டு பேரை எழுந்து நிற்கச் சொல்வேன். ஒருவர் வாக்கியத்தை வழக்கமான குரலில் படிக்க வேண்டும். அடைப்பு வந்ததும் அவர் நிறுத்த, இன்னொருவர் உள்ளே இருப்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் தணிந்த குரலில் படிக்க வேண்டும். எழுதிய பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். தன் வெற்றி முணுமுணுப்பாக வந்து காதில் விழுந்தால், அது அங்கே இருக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். நாம் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஒரே வாக்கியத்தை மூன்று விதமாக எழுதிக் காட்டுவேன்.

என் தம்பி, எதற்கும் அழாதவன், அன்று அழுதான்.
என் தம்பி – எதற்கும் அழாதவன் – அன்று அழுதான்.
என் தம்பி (எதற்கும் அழாதவன்) அன்று அழுதான்.

காற்புள்ளியில் குரல் அதே மட்டத்தில் போகிறது. கோடு போட்டால் குரல் கொஞ்சம் உயர்கிறது. அடைப்பில் இறங்குகிறது. அவன் எதற்கும் அழாதவன் என்பதால்தான் அன்று அழுதது பெரிதாகிறது, அதை இறங்கிய குரலில் சொன்னால் வாக்கியம் சாய்ந்துவிடும். ‘என் தம்பி (அப்போது ஆறு வயது) அன்று அழுதான்’ என்றால் அடைப்பு பொருந்துகிறது. தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் கதை நகரும்.

இன்னொன்று சொல்கிறேன், எனக்கு இது புரியவே பல வருடம் ஆனது. தமிழில் ஒருவரைப் பற்றிய விளக்கம் அவர் பெயருக்கு முன்னால் வருவதுதான் இயல்பு. பெயரெச்சம் எதற்கு இருக்கிறது? ‘எதற்கும் அழாத என் தம்பி அன்று அழுதான்.’ ஒரு குறியும் வேண்டாம். உங்கள் மாணவனின் ‘க்கு’வுக்கும் இதுவே தீர்வு: ‘பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் அணித்தலைவனுக்குக் காலில் அடிபட்டது.’ பிள்ளைகள் பெயரை எழுதிய பிறகுதான் விளக்கம் நினைவுக்கு வந்து அடைப்பைத் திறக்கிறார்கள். ஆகவே நான் முதலில் கேட்பது ‘இதைப் பெயருக்கு முன்னால் கொண்டுபோக முடியுமா?’ என்பதுதான். பாதிக்கு மேல் அங்கேயே கரைந்துவிடும்.

கரையாமல் மிஞ்சுபவைதான் உண்மையில் அடைப்புக்கு உரியவை: பிறந்த, இறந்த ஆண்டுகள், சுருக்கப் பெயர், பழைய சொல்லுக்குப் பொருள், பக்க எண். அங்கே உருபைப் பெயரோடு ஒட்டிவிட்டுப் பிறகு அடைப்பைத் திறக்க வேண்டும். ‘மேரி கியூரி (1867–1934)க்கு இரண்டு முறை நோபல் பரிசு கிடைத்தது’ என்று எழுதாமல், ‘மேரி கியூரிக்கு (1867–1934) இரண்டு முறை நோபல் பரிசு கிடைத்தது’ என்று எழுதினால் கண் தடுக்காது. முற்றுப்புள்ளியைப் பற்றி ஒரு வரி போதும்: அடைப்புக்குள் இருப்பது தனி வாக்கியம் என்றால் புள்ளி உள்ளே, வாக்கியத்தின் ஒரு பகுதி என்றால் வெளியே.

ஒரு வேண்டுகோள். சலித்துப்போய் அடைப்பையே தடை செய்துவிடாதீர்கள். நான் ஒரு வருடம் செய்தேன். கட்டுரைகள் சுத்தமாக வந்தன, ஆனால் ஒரு பையன் நடுநடுவே நம் காதோரம் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போவான், அந்தக் குரல் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு வருடம் ஆனது.

பதில் 3: கல்லூரியில் இலக்கணம் நடத்துபவர்

தமிழுக்கு அச்சோடு வந்த குறி என்றாலும் அதன் வேலை நமக்குப் புதிதல்ல. நன்னூல் ‘இடைப்பிறவரல்’ என்கிறது. எச்சத்துக்கும் அது கொண்டு முடியும் சொல்லுக்கும் நடுவே, உருபுக்கும் அதை முடிக்கும் சொல்லுக்கும் நடுவே வேறு சொற்கள் வரலாம். ஆனால் அந்தச் சூத்திரம் ‘ஏற்பன’ என்ற சொல்லோடு முடிகிறது. பொருந்துபவை மட்டும் வரலாம். ‘மகிழ்ச்சி (சந்தோஷம்)’ எழுதிய மாணவனிடம் இந்த ஒரு சொல்லைச் சொல்லலாம். சந்தேகம் ஏற்பன ஆகாது. எந்தச் சொல் என்பதை எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும், வாசிப்பவரிடம் தள்ளிவிடக் கூடாது.

பிள்ளைகளுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி: 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் இந்தக் குறிகளை லத்தீனில் ‘லூனுலா’ என்று அழைத்தார். சின்னப் பிறை என்று பொருள். நாமும் பிறை என்றுதான் சொல்கிறோம்.

கேட்டவர் மீண்டும்: எட்டாம் வகுப்புத் தமிழாசிரியை

எல்லோருக்கும் நன்றி. இன்று செய்து பார்த்தேன். முதலில் 27, 17 கணக்கு. கணக்கில் அழித்ததும் விடை மாறியது, வாக்கியத்தில் அழித்ததும் ஒன்றும் ஆகவில்லை. வகுப்பே கவனித்தது. பிறகு இரண்டு குரல் வாசிப்பு. அந்த மாணவியின் அனுமதியோடு அவள் வரியையே எடுத்துக்கொண்டோம். தணிந்த குரலில் ‘நான்தான் முதலில் வந்தேன்’ என்று படித்ததும் அவளே எழுந்து, “மிஸ், மாற்றி எழுதட்டுமா?” என்றாள். எழுதிக் கொண்டுவந்தது இது: ‘போட்டி முடிந்தபோது (மணி நான்கு) எனக்கு முன்னால் யாரும் இல்லை.’ அடைப்பை அவள் விடவில்லை, உள்ளே போக வேண்டியதை மாற்றிவிட்டாள். நான் அந்த வரியைச் சத்தமாக இரண்டு முறை படித்தேன்.

‘மகிழ்ச்சி (சந்தோஷம்)’ பையன் யோசித்துவிட்டு இரண்டையும் அடித்தான். ‘சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்’ என்று எழுதினான்.

ஒரு சந்தேகம் பாக்கி. ஒருத்தி ‘குடையைத் (புதிதாக வாங்கியது) தொலைத்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறாள். அந்த ‘த்’ வேண்டுமா, வேண்டாமா? அடைப்பை எடுத்தால் வேண்டும். அடைப்போடு படித்தால் ‘த்’தை அடுத்து ‘பு’ வருகிறது.

பதில் 4: மெய்ப்புப் பார்ப்பவர்

நான் போடுவதில்லை. ஒற்று மிகுவது இரண்டு சொல்லும் ஒட்டிப் பேசப்படும்போதுதான். நடுவில் அடைப்பு வந்தால் குரல் நின்றுவிடுகிறது. அடைப்பை எடுத்தாலும் வாக்கியம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று போடுபவர்களும் உண்டு. எதைப் பின்பற்றினாலும் ஒரு கட்டுரைக்குள் ஒரே மாதிரி இருக்கட்டும். அவளிடம் அதற்கு முன்பு அந்தப் பழைய கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், பெயருக்கு முன்னால் போகுமா என்று: ‘புதிதாக வாங்கிய குடையைத் தொலைத்துவிட்டேன்.’