கண்ணாடிக் குழியில் வேலை செய்த செடிச்சாறு எலியில் பலிக்கவில்லை: அடுத்து என்ன செய்யலாம்?

கேட்டவர்: முதுநிலை மாணவி

காய்ச்சலுக்குக் கசாயமாகக் கொடுக்கப்படும் ஒரு செடியின் இலைகளை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை, மனிதரைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் 3டி7 வகைக்கு எதிராகச் சோதனைத் தட்டின் குழிகளில் சோதித்து வருகிறேன். (ஆய்வேடு இன்னும் முடியாததால் செடியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன், பொறுத்தருள்க.) டிஎன்ஏவோடு சேர்ந்து ஒளிரும் சைபர் கிரீன் சாயத்தைக் கொண்டு அளந்ததில், ஒட்டுண்ணியின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் செறிவு மில்லிலிட்டருக்குச் சுமார் 6 மைக்ரோகிராம் என வந்தது. ஆனால் எலி போன்ற கொறிணிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் பெர்கை தொற்றிய எலிகளுக்கு அதே சாற்றை வாய்வழியே கொடுத்து நான்கு நாள் சோதனை செய்தபோது, சாறு பெறாத எலிகளுக்கும் இவற்றுக்கும் இடையே ரத்தப்பூச்சில் தெரிந்த ஒட்டுண்ணிகளின் அளவில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. மலேரியா மருந்தான குளோரோகுயின் கொடுத்த எலிகள் எதிர்பார்த்தபடியே குணமடைந்ததால், சோதனையில் பிழை நேர்ந்ததாகவும் தோன்றவில்லை. அளவைக் கூட்டி மீண்டும் எலிகளுக்குக் கொடுப்பதா, கரைப்பானை மாற்றுவதா என்று அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஒட்டுண்ணியியல் ஆய்வாளர்

இப்போதைக்கு எலிகளை விட்டுவிடுங்கள், சகோதரி. முதலில் ஐயப்பட வேண்டியது அந்த 6 மைக்ரோகிராம் என்ற எண்ணைத்தான். முதிர்ந்த சிவப்பணுவில் டிஎன்ஏ இல்லை என்பதால், சைபர் கிரீன் காட்டும் ஒளிர்வு ஒட்டுண்ணியினுடையது என்று கொள்கிறோம். ஆகவே ஒளிர்வு குறைந்தால் ஒட்டுண்ணி குறைந்தது என்று எழுதிவிடுகிறோம். ஆனால் இலைச்சாற்றின் பச்சையமே ஒளிர்வை மங்கச் செய்யலாம். அதைவிடப் பெரிய சிக்கல், செடிகளில் உள்ள சோப்பு போன்ற பொருள்களான சபோனின்கள். அவை சிவப்பணுவின் சவ்வைச் சிதைத்துவிடும். வீடு இடிந்தால் குடியிருப்பவனும் போவான் என்பதைப்போல, உள்ளிருக்கும் ஒட்டுண்ணியும் அழியும். அதை மருந்தின் செயல் என்று சொல்ல முடியாது.

சோதனைத் தட்டைச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீர்மத்தைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பாக இருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். பிறகு ஒவ்வொரு செறிவிலிருந்தும் ஒரு மெல்லிய பூச்சு எடுத்து ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் நீங்களே பாருங்கள். முழுமையான சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி சுருங்கிக் கருத்த புள்ளியாக நின்றால் நம்பிக்கை கொள்ளலாம். அணுக்களே உருக்குலைந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. தொற்றில்லாத சிவப்பணுக்களைச் சாற்றில் சிறிது நேரம் வைத்து, நன்றாகக் கழுவிய பின் ஒட்டுண்ணியைச் சேர்த்தும் பார்க்க வேண்டும். அப்போதும் ஒட்டுண்ணி வளரவில்லை என்றால், சாறு மாற்றியது அணுவின் சவ்வைத்தான் என்ற ஐயம் வலுக்கும். லுப்பியோல் போன்ற டிரைடெர்பீன்கள் எனும் தாவர வேதிப்பொருள்கள் இப்படிச் சவ்வின் வடிவத்தை மாற்றுவதாலேயே செயலுள்ளவைபோலத் தோன்றியிருக்கின்றன.

பாலூட்டிகளின் செல்களில் நச்சுத்தன்மையைச் சோதித்தீர்களா? செல்களைப் பாதியாக அழிக்கும் செறிவு, ஒட்டுண்ணியைப் பாதியாகக் குறைக்கும் செறிவைப்போல் குறைந்தது 10 மடங்காவது இருக்க வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு.

பதில்: தாவர வேதியியல்

மேலே சொன்னவை முழுவதும் சரி. அவற்றில் உங்கள் சாறு தேறிவிட்டால், எலியில் பலிக்காததற்கு வேறு காரணங்களைத் தேட வேண்டும். வேதிப்பொருள் குடலில் உறிஞ்சப்படாமல் போகலாம். கல்லீரல் அதை விரைவில் சிதைத்துவிடலாம். சாற்றில் அதன் பங்கு மிகச் சிறிதாக இருக்கலாம். பெர்கையும் ஃபால்சிபாரமும் வெவ்வேறு இனங்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

கரைப்பானைப் பற்றிக் கேட்டீர்கள். மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினைக் கண்டறிந்த சீன அறிவியலாளர் து யூயூவின் குழுவுக்கும், அது கிடைக்கும் சிங்ஹாவ் செடியின் சாறு எலிகளில் தொடக்கத்தில் நிலையான பலன் தரவில்லை. நான்காம் நூற்றாண்டில் சீன மருத்துவ அறிஞர் கே ஹோங் எழுதிய குறிப்பில் செடியைக் காய்ச்சச் சொல்லாமல், நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதை து யூயூ கவனித்து, வெப்பமே மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்றார். குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதருக்கு மாறினார். நச்சுள்ள அமிலப் பகுதியை நீக்கிய பிறகு கிடைத்த நடுநிலைச் சாறுதான் 1971இல் எலிகளில் ஒட்டுண்ணியை முழுமையாக ஒடுக்கியது. ஆகவே மெத்தனாலை எந்த வெப்பத்தில் ஆவியாக்கினீர்கள் என்பதை உங்கள் குறிப்பேட்டில் பாருங்கள்.

கேட்டவர்: முதுநிலை மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. ஆவியாக்கியது 60 பாகை செல்சியஸில். நச்சுத்தன்மைச் சோதனை இன்னும் செய்யவில்லை. குழியில் கிடைத்த முடிவை மட்டும் தனியாக வெளியிடலாம் என்று உடன் பயிலும் சிலர் சொல்கிறார்கள், அது முறையா?

பதில்: ஒட்டுண்ணியியல் ஆய்வாளர்

முறையன்று. எலியில் பலிக்காததைத் தெரிந்துகொண்டே மறைத்தால், வேறொரு மாணவர் அதே செடிக்காக இன்னும் பல எலிகளைப் பலியிட நேரும். இரண்டு முடிவுகளையும் ஒரே அட்டவணையில் வையுங்கள். தலைப்பில் "மலேரியாவைக் குணப்படுத்தும்" என்ற சொற்கள் வேண்டாம். அதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திக் கசாயத்தை நம்பும் நோயாளிக்கு, ஃபால்சிபாரம் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். நச்சுத்தன்மைச் சோதனையும் பூச்சுகளும் முடிந்ததும் இங்கேயே எழுதுங்கள். பூச்சுகளின் படங்களையும் இணைத்தால் சேர்ந்து பார்ப்போம்.