கூட்டத்தில் ஒரு பெரியவரை எழுந்துபோக வைத்துவிட்டேன், எப்படித் திரும்பக் கூப்பிடுவது?

கேள்வி: கடைமடைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். 9 மா நிலம், 3 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 வருஷமாக யூரியாவோ பூச்சிமருந்தோ தொடவில்லை. தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா என்ற நாட்டு நெல் இரண்டும்தான் போடுகிறேன். ஊரில் 20 பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூடி வயல் விஷயம் பேசுவோம். இயற்கை முறையில் செய்கிறவர்களும் வருவார்கள், உரம் போடுகிறவர்களும் வருவார்கள். அதுதான் அந்தக் கூட்டத்தின் அழகே.

கார்த்திகைக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அடைமழையில் ஒரு வாரம் தண்ணீர் நின்று வடிந்திருந்தது. நட்டு 40 நாள் ஆன பயிர் எல்லார் வயலிலும் வெளிறிக் கிடந்தது. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர். சொந்தமில்லை, ஆனால் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர் எழுந்து, "மாவுக்கு 7 கிலோ யூரியா போட்டாப் போதும்மா, அதுக்கு மேல போட்டா..." என்று ஆரம்பித்தார். யூரியா என்று காதில் விழுந்ததுமே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "விஷம் போடறவங்க இங்க வந்து பாடம் எடுக்க வேணாம். உங்க பேத்தி திங்கிற சோறும் அதுதானே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் செருகினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடி மாட்டிக் கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. ஆள் எண்ணிக்கைக்குச் சொன்னது என்பதால் ஒரு கிளாஸ் மிச்சம். ஆடை படிந்து ஆறிப்போய், கூட்டம் முடியும்வரை அவர் உட்கார்ந்திருந்த தூணுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவரோடு இன்னும் 4 பேர் நின்றுவிட்டார்கள். மார்கழியிலும் தையிலும் ஒரே கட்சிக்காரர்களாகத்தான் உட்கார்ந்திருந்தோம். "என் தூயமல்லி ஏன் சாயுது?" என்று கேட்டேன். "போகப் போக மண்ணு சரியாயிடும்" என்றார்கள். நான் சொல்வதற்கு அவர்கள் தலையாட்டினார்கள், அவர்கள் சொல்வதற்கு நான் தலையாட்டினேன். அரை மணி நேரத்தில் கலைந்துவிட்டோம்.

அந்த அட்டை என்ன என்பது பிறகுதான் தெரிந்தது. இலை வண்ண அட்டை. இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக இருக்கும். காலை 8 மணி வாக்கில் அவர் வயலில் இறங்கி, வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பாராம். தன் நிழல் இலைமேல் விழ வேண்டும், இல்லாவிட்டால் நிறம் ஏமாற்றும். முழுசாக விரிந்த மேல் இலையை அட்டைமேல் வைத்துப் பார்ப்பார். இப்படி 10 இலை. அதில் பாதிக்கு மேல் 4ஆம் பட்டையைவிட வெளிறியிருந்தால்தான் உரம். வெள்ளைப் பொன்னி ரக நெல் என்றால் 3ஆம் பட்டை. நிறம் சரியாக இருந்தால் அந்த வாரம் மூட்டையைப் பிரிப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மாவுக்கு அரை மூட்டை வீசுகிற ஊர் இது. உரத்தைக் குறையுங்கள் என்று சொல்லத்தான் அந்த மனுஷர் எழுந்திருக்கிறார். அதைச் சொல்லி முடிக்க நான் விடவில்லை.

என் கருத்து மாறவில்லை. நான் யூரியா போடப்போவதில்லை. ஆனால் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் திரும்ப வந்து பேச வேண்டும். நான் கட்சி மாறிவிட்டதாகவும் அவர் நினைக்கக் கூடாது, சும்மா ஒப்புக்குக் கேட்டதாகவும் இருக்கக் கூடாது. எப்படிப் போய்ப் பேசுவது?

பதில்: வரப்புநண்டு

தங்கச்சி, நான் உரம் போடுகிறவன். அறந்தாங்கிப் பக்கம். இதே மாதிரிப் பேச்சை இரண்டு மூன்று இடத்தில் வாங்கியிருக்கிறேன், அதனால் உங்கள் பெரியப்பா பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

"யூரியா வேண்டாம்" என்று நீங்கள் சொன்னது அவருக்கு வலித்திருக்காது. அதை வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பயிரைப் பற்றிச் சொன்னால் பயிரைப் பற்றிப் பதில் சொல்லலாம். பேத்தியை இழுத்த பிறகு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? சொந்தப் பேத்திக்கு விஷம் வைக்கவில்லை என்று 20 பேர் முன்னால் நிரூபிக்கவா? மன்னிப்பு அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். அதை மட்டும் கேளுங்கள். யூரியாவை அதோடு சேர்க்க வேண்டாம். "ஆனா" என்ற சொல் வாயில் வரவே கூடாது.

வீட்டுக்குப் போகாதீர்கள். பெண்டு பிள்ளைகள் முன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். காலையில் வயலுக்குப் போங்கள். அங்கே பேசிவிட்டு, அடுத்த கூட்டத்தில் அதே மண்டபத்தில் எல்லார் முன்னாலும் ஒரு தரம் சொல்லுங்கள். பேசியது சபையில் என்றால் திருப்பி எடுப்பதும் சபையில்தான்.

பதில்: செம்மண்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மரியாதை மரியாதை என்றே எவ்வளவோ விட்டுக்கொடுத்துவிட்டோம். கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் 20 வருஷத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்தார்கள். ஊர்ச்சனம் கத்தியபோது "அது உங்க கருத்து, எங்க கருத்து வேற" என்றுதான் பதில் வந்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட வேண்டியிருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் நோயோடும் ஊனத்தோடும் பட்ட பாடு கருத்து வேறுபாடா? நீங்கள் கோபப்பட்டதில் தப்பில்லை அக்கா. கோபம் இருந்ததால்தான் இந்த அளவுக்காவது மாறியிருக்கிறது.

பதில்: பெரும்போகம்

வணக்கம் அக்கா. நான் கிளிநொச்சி, இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிறன். 2021இல எங்கட இலங்கையில இரசாயனப் பசளை (உரம்) இறக்குமதியை ஒரேயடியா நிப்பாட்டினவை. ஏப்ரலில அறிவிச்சு, மே மாதம் வர்த்தமானியும் (அரசிதழ்) வந்திட்டுது. நான் சேதனப் பசளை, அதாவது இயற்கை உரத்தின்ர பக்கம் நிண்ட ஆள், அண்டைக்கு எனக்குச் சரியான சந்தோசம். "ஒரே போகத்தில ஏலாது, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்கோ" எண்டு சொன்ன ஆக்களை "கம்பனிக்காரன்ர ஆள்" எண்டு நானும் பேசினனான். எங்கட ஊர் அண்ணை ஒருத்தர் கணக்குப் போட்டுக் கொப்பியை (நோட்டுப்புத்தகம்) கொண்டுவந்து காட்டினவர். ஒரு ஏக்கருக்கு எவ்வளவு கூட்டெரு வேணும், ஊரில எத்தினை மாடு நிக்குது எண்டு. நான் அந்தக் கொப்பியைத் திறந்துகூடப் பாக்கேல்ல.

நவம்பரில தடையை எடுத்தவை. அதுக்குள்ள மாரிகாலப் பெரும்போகத்துக்கு விதைச்சாச்சு. என்ர வயலில அந்த முறை வழமையில அரைவாசிதான் வந்தது. காசு போனது ஒரு பக்கம். இண்டைக்கு நான் சேதனப் பசளை எண்டு வாய் திறந்தா சனம் எழும்பிப் போகுது. அந்த அண்ணையின்ர கணக்கை அண்டைக்குக் கேட்டிருந்தா, நான் நம்பின விசயத்துக்கு இந்தக் கெட்ட பேர் வந்திராது. அவர் எனக்கு எதிரா கதைக்கேல்ல அக்கா. நான்தான் அப்பிடி விளங்கிக்கொண்டன்.

பதில்: கரும்பலகை

சீர்காழியில் தமிழாசிரியை நான். வயலைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். மணிமேகலையில் புகார் நகரத்து இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் வரிசையாக அறிவித்துக்கொண்டே வருவான். பழமணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள் என்பான். சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்பான். அதை ஒட்டியே, "பற்றா மாக்கள் தம்முட னாயினும் செற்றமும் கலாமும் செய்யா தகலுமின்" என்று வரும். பகைவரோடுகூடச் சினமும் பூசலும் இல்லாமல் விலகுங்கள் என்று பொருள். வாதம் செய்யாதே என்று அவன் சொல்லவில்லை. மேடை போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறான். தெருவுக்கு மணல் போடுவதைப் போல, இதுவும் விழாவுக்கு முன் செய்துவைக்க வேண்டிய ஒரு வேலை என்று எனக்குத் தோன்றும்.

கடைமடைக்காரி (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றி. கொப்பி விஷயம் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை தம்பி.

செம்மண், காசர்கோட்டுப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துத்தான் நானும் இந்தப் பக்கம் வந்தேன். அந்தக் கோபம் எனக்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் அங்கே எதைத் தெளிப்பது என்று முடிவு செய்த இடத்தில் அந்த ஊர்ச்சனத்துக்குப் பேச்சே இல்லை. எங்கள் மண்டபத்தில் அன்றைக்குப் பேச்சில்லாமல் போனது அவருக்கு, அதைச் செய்தது நான். இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வரப்புநண்டு அண்ணே, இன்று காலை வயலுக்கே போனேன். அறுப்பு முடிந்து உளுந்து நிற்கிறது. வரப்பில் நின்றே, "பெரியப்பா, பேத்தியை வெச்சுப் பேசினது தப்பு" என்றேன். அதற்கு மேல் சொல்லத் தொண்டை வரவில்லை. அவர் குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அதான்மா, அது ஒண்ணுதான்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இலையில் மஞ்சள் தேமல் நோய் தொடங்கியிருந்தது, அடியில் அதைப் பரப்புகிற வெள்ளை ஈ. "உன் உளுந்துக்கு என்ன அடிக்கிறே?" என்று அவராகவே கேட்டார். வேப்பங்கொட்டைச் சாறு என்றேன். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு, இடித்து ராத்திரி ஊற வைத்து, காலையில் வடிகட்டிக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்க வேண்டும் என்று சொன்னேன். தேமல் வந்த செடியைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும், சாறு ஈயை மட்டும்தான் குறைக்கும் என்பதையும் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

மாசிக் கூட்டம் எந்த ஞாயிறு என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு மண்டபத்தில் நான்தான் முதலில் பேசுவேன். வேப்பங்கொட்டையை இன்றைக்கே இடிக்கப் போட்டாயிற்று.