கர்சர் ஏன் குதிக்கிறது, ஏன் பின்தங்குகிறது, ஏன் மறைந்தே போகிறது?

விளையாட்டு போன்ற கிராபிக்ஸ் நிரலில் கர்சரை ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் ஒரு முறை வரையும் படம்) நாமே வரைந்தால் அது கைக்குப் பின்னால்தான் வரும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட். விசிங்க் (திரையின் புதுப்பிப்போடு ஒத்து வரையும் அமைப்பு) போட்டால் இரண்டு மூன்று ஃபிரேம் வரிசையில் காத்து நிற்கும். சிஸ்டமே காட்டும் ஹார்டுவேர் கர்சருக்கு இந்தத் தொல்லை இல்லை; கிராபிக்ஸ் கார்டு அதைத் தனி அடுக்காகத் திரைமேல் வைக்கிறது. நிரல் உறைந்து நின்றாலும் கர்சர் மட்டும் நகர்கிறதே, அது இதனால்தான்.

எஸ்டிஎல் (SDL) என்பது விண்டோ, மவுஸ் போன்றவற்றைக் கையாளும் லைப்ரரி. அதன் 2-ஆம் பதிப்பில் ஆல்ஃபா (ஒளிபுகும் அளவு) உள்ள சர்ஃபேஸையும் (நினைவகத்தில் உள்ள படம்) ஹாட்ஸ்பாட்டையும் (படத்தில் கிளிக் விழும் புள்ளி) கொடுத்தால் கலர் கர்சர் கிடைக்கும். 32×32 படத்துக்கு ஹாட்ஸ்பாட் 0 முதல் 31 வரைதான். 32 என்று கொடுத்தால் கர்சருக்குப் பதில் 'நல்' (NULL, வெற்று மதிப்பு) வரும். அதைச் சோதிக்காதவர்கள் "படம் மாறவே இல்லை" என்று தேடிக்கொண்டிருப்பார்கள். கர்சர் கிடைத்ததும் சர்ஃபேஸை நினைவகத்திலிருந்து உடனே விடுவிக்கலாம். கர்சரை விடுவித்தால் பழைய அம்புக்குறி வந்துவிடும்.

*

எஸ்டிஎல் 1.2 காலத்து நிரலைக் கையில் எடுப்பவர்களுக்கு: அங்கே கறுப்பு வெள்ளை மட்டும்தான். டேட்டா, மாஸ்க் என்று இரண்டு பிட் வரிசைகள்; அகலம் 8-இன் மடங்கு. டேட்டா 1, மாஸ்க் 1 என்றால் கறுப்பு. டேட்டா 0, மாஸ்க் 1 என்றால் வெள்ளை. இரண்டும் 0 என்றால் ஒன்றும் தெரியாது. 1 என்றால் வெள்ளை என்று நினைத்துத்தான் பலரும் தலைகீழாக எழுதுகிறார்கள். பைட்டின் உயர் பிட்தான் இடது ஓரம்: 128 என்று எழுதினால் இடது கோடிப் புள்ளி மட்டும்.

*

முப்பரிமாணக் காட்சியில் கேமரா சுழற்ற, கர்சரை நிரலே ஒவ்வொரு முறையும் விண்டோவின் நடுவுக்கு இழுத்து விடும் பழைய வித்தையை விட்டுவிடுங்கள். அந்த இழுப்பே ஓர் அசைவு ஈவென்ட்டைக் கிளப்பும். அதைக் கழிக்க மறந்தால் காட்சி எதிர்ப்பக்கம் துள்ளும். மேக்கில் இழுத்த பிறகு 0.25 நொடிக்கு மவுஸ் அசைவு அடக்கப்படுவதுதான் இயல்புநிலை. லினக்ஸில் திரையைக் கையாளும் வேலண்டின் (Wayland) அடிப்படை நெறிமுறையிலோ இழுக்க வழியே கிடையாது.

அதற்குப் பதில், கர்சரை மறைத்துப் பிடித்து வைத்து அசைவை மட்டும் தரும் மோடைப் போடுங்கள்: எஸ்டிஎல்லில் ரிலேட்டிவ் மோட், அதைப் போன்ற இன்னொரு லைப்ரரியான ஜிஎல்எஃப்டபிள்யூவில் (GLFW) 'டிசேபிள்டு' மோட். 'ஹிட்டன்' போதாது, அது உருவத்தை மறைக்குமே தவிர, கர்சர் விண்டோவைத் தாண்டி ஓடிவிடும். ஜிஎல்எஃப்டபிள்யூ 3.3-இல் வந்த ரா மோஷனும் (சிஸ்டம் வேகம் கூட்டாத நேரடி மவுஸ் அசைவு) டிசேபிள்டு மோடில்தான் வேலை செய்யும்.

*

விண்டோஸில் காட்டு, மறை என்பது ஆன்-ஆஃப் சுவிட்ச் அல்ல, எண்ணிக்கை. இரண்டு முறை மறைத்து ஒரு முறை காட்டினால் கர்சர் வராது. லைப்ரரி வழியாகவும் நேரடியாகவும் மாற்றி மாற்றி அழைக்கும் நிரல்களில் கர்சர் காணாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

*

மேக்கின் ரெட்டினா (புள்ளிகள் நெருக்கமான) திரையில் கிளிக் பாதித் தூரத்தில் விழுகிறதா? ஜிஎல்எஃப்டபிள்யூ தரும் கர்சர் இடம் திரை அலகில் இருக்கும், பிக்சலில் அல்ல. ஃபிரேம்பஃபர் (பிக்சலில் வரையும் பரப்பு) அகலத்தை விண்டோ அகலத்தால் வகுத்து வருவதை எக்ஸுடனும், உயரங்களை அப்படியே வகுத்து வருவதை ஒய்யுடனும் பெருக்குங்கள். 2 என்று நிலையாக எழுதி வைத்தால், விண்டோவை வேறு மானிட்டருக்கு நகர்த்தியதும் மறுபடி தவறும்.