கூடத்தில் சவுண்ட்ஸ்டேஜ் (பாடகியும் கருவிகளும் கண்முன்னே தனித்தனி இடத்தில் இருப்பது போன்ற உணர்வு) விரியவே இல்லை, ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) மாற்றணுமா?

யீஷூன்_ரசிகை:
சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) நான்கறை வீடு. டிவி மேசைமேல் இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், பின்னாலேயே சுவர். தோழி வீட்டில் கேட்டால் பாடகி நட்டநடுவில் நிற்கிறார், மிருதங்கம் அவருக்குச் சற்றுப் பின்னால், ஸ்பீக்கர் இருப்பதே தெரியவில்லை. இங்கே எல்லாம் இரண்டு பெட்டிக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. சனிக்கிழமை அடெல்ஃபி (ஆடியோ கடைகள் இருக்கிற கட்டடம்) போய் ஆம்ப் பார்க்கலாமா?

தெம்பனிஸ்_ஒலி:
இப்போதைக்குப் போகாதீங்க. ஆம்ப் பழுதில்லாமல் இருந்தால் அதை மாற்றிக் கிடைப்பதைவிட ஸ்பீக்கரை அரை மீட்டர் முன்னால் இழுத்தால் கிடைப்பது அதிகம். நடுவில் யாரும் இல்லை, இரண்டு பக்கமிருந்தும் ஒரே ஒலி ஒரே நேரத்தில் ஒரே அளவில் காதுக்கு வரும்போது மூளைதான் அங்கே ஒரு பாடகியை நிறுத்துகிறது. ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகும், சோபா ஓரத்தில் உட்கார்ந்து ஒரு ஸ்பீக்கர் அவ்வளவு கிட்டே வந்தாலே குரல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் கான்கிரீட் சுவர், மறுபக்கம் சாப்பாட்டு மேசை இருக்கிற திறந்த இடம், அதனால் இரு பக்கமும் ஒரே மாதிரி எதிரொலிக்காது. நீங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு யாரையாவது பக்கச் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள், அதில் ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உச்ச ஒலி தரும் சின்ன வட்டம்) தெரிகிற இடத்தில் புத்தக அலமாரியோ கனமான திரையோ வையுங்கள். வெறும் டைல்ஸ் தரையென்றால் நடுவில் ஒரு கம்பளம்.

யீஷூன்_ரசிகை:
இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் திறந்த இடம், நீங்கள் சொன்ன மாதிரியேதான். ஆனால் வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான், ஸ்டாண்ட் வைக்க முடியாது அண்ணா. மேசையிலேயே ஏதாவது செய்யலாமா?

ஜூரோங்_மோனோ:
தாராளமாக. மேசை விளிம்பு வரை முன்னால் கொண்டுவாருங்கள், பின்னுக்குத் தள்ளி வைத்தால் மேசைப் பரப்பே எதிரொலிக்கும். அடியில் புளூ டாக் (களிமண் மாதிரி ஒட்டும் பசை) ஒட்டினால் எளிதில் நகராது. இரண்டுக்கும் நடுவே 1.5 மீட்டர்தான் கிடைக்கிறது என்றால் கேட்கும்போது மட்டும் ஒரு நாற்காலியை அதே 1.5 மீட்டர் தூரத்தில் போட்டு உட்காருங்கள். கிட்டே வர வர அறையின் ஒலி குறைந்து ஸ்பீக்கரின் நேரடி ஒலி கூடும், எனக்குத் தெரிந்து சின்னக் கூடத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஒன்று மட்டும், பதிவில் இல்லாத ஆழத்தை எந்த ஸ்பீக்கரும் தராது. ஸ்டூடியோவில் தனித்தனியாகப் பதிந்து இடம் வலம் பிரித்த பாட்டும், இரண்டு மைக் வைத்து அரங்கில் பதிந்த கச்சேரியும் ஒரே மாதிரி விரியாது. சோதிக்க 1950களின் மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்) பாட்டு ஒன்று போடுங்கள், ஸ்டீரியோவாக மாற்றிய பதிப்பு வேண்டாம். குரல் சரியாக நடுவில், ஒரு முகத்தின் அகலத்துக்கு நிற்க வேண்டும். அகன்று பரவினாலோ ஒரு பக்கம் ஒதுங்கினாலோ அது அறையின் கோளாறு அல்லது வைத்த விதம். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் கரைந்து, பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியும் மெலிந்திருந்தால் ஸ்பீக்கர் வயரைப் பாருங்கள், ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும்.